டெஸ்டிமனி: ரோமானியர்கள் எதைத் தொட்டு சத்தியம் செய்தார்கள்?

அன்புள்ள ஐயா,

சாட்சி சொல்வதை ஆங்கிலத்தில் ‘டெஸ்டிமனி’ என்கிறார்கள். ரோமானிய ஆண்கள் தங்கள் விரைகளைத் தொட்டு சத்தியம் செய்துதான் சாட்சி சொல்வார்களாம், ‘டெஸ்டிகிள்’, ‘டெஸ்டிமனி’ இரண்டுமே அதிலிருந்து வந்தவையாம். வாட்ஸப்பில் சுற்றுகிறது. உண்மையா? அஃபிடவிட்டும் இதுவும் ஒன்றுதானா?

க.

அன்புள்ள க.,

எனக்கும் வந்தது, கூடவே நாலைந்து சிரிப்புப் பொம்மைகளோடு. உண்மையில்லை. ரோமானியர்கள் அப்படி சத்தியம் செய்தார்கள் என்பதற்கு ஆதாரமே கிடையாது. பெண்களும் அங்கே நீதிமன்றத்தில் சாட்சி சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் எதைத் தொட்டார்களாம்?

லத்தீனில் ‘டெஸ்டிஸ்’ என்றால் சாட்சி. அதன் முற்பாதியில் இருப்பது ‘மூன்று’, பிற்பாதியில் இருப்பது ‘நில்’ என்ற வேர். வழக்காடுகிற இரண்டு பேருக்குப் பக்கத்தில் மூன்றாவதாக நிற்கிறவர் என்று பொருள், அவ்வளவுதான். (நம்முடைய ‘சாட்சி’ வடமொழியிலிருந்து வந்தது, அதற்குள் இருப்பது கண். அங்கே நிற்பது முக்கியம், இங்கே பார்ப்பது.) டெஸ்டிமனி, உயில் என்ற பொருளில் வரும் டெஸ்டமெண்ட், ப்ரொடெஸ்ட், கண்டெஸ்ட் எல்லாம் இந்த ஒரே வேரில் கிளைத்தவை.

சரி, அப்படியானால் விரைக்கும் அதே பெயர் எப்படி வந்தது? ஆண்மைக்கு அவைதானே சாட்சி என்ற குறும்பில் வந்திருக்கலாம். கிரேக்கர்கள் அவற்றை ‘பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள்’ என்று சொல்லியிருக்கிறார்கள், அதைப் பார்த்து வந்திருக்கலாம் என்றும் ஒரு கட்சி உண்டு. எப்படியானாலும் சாட்சி என்ற பொருள்தான் முதலில், உடலுறுப்பு பிறகு. வாட்ஸப் பதிவு இதைத் தலைகீழாக்கிவிட்டது. கி.மு. 200-ஐ ஒட்டி நாடகம் எழுதிய பிளாட்டஸே இந்த இரட்டை அர்த்தத்தை வைத்துச் சிலேடை பண்ணியிருக்கிறார், ஆக ஜோக் பழையதுதான்.

தொடையின் கீழே கை வைத்து சத்தியம் வாங்குவது பைபிளின் ஆதியாகமத்தில் வருகிறது, ஆபிரகாம் தன் வேலைக்காரரிடம் அப்படிக் கேட்கிறார். அது எபிரேய மரபு. அதையும் லத்தீன் சொல்லையும் யாரோ ஒட்டுப்போட்டதில் இந்தக் கதை பிறந்திருக்கும் என்பது என் ஊகம்.

ரோமானியர்கள் சத்தியம் செய்த விதம் இதைவிட சுவாரசியம். வட ஆப்பிரிக்காவிலிருந்த கார்த்தேஜ் என்ற நகர அரசோடு ஒப்பந்தம் போட்டபோது செய்ததை கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதி வைத்திருக்கிறார். ஒருவர் கையில் கல்லை எடுத்துக்கொண்டு, ‘நான் சொன்ன சொல் தவறினால் மற்றவர்கள் எல்லாரும் சுகமாக இருக்கட்டும், நான் மட்டும் இந்தக் கல்லைப்போலத் தூக்கி எறியப்படட்டும்’ என்று சொல்லி அதை வீசி எறிவாராம். ரோமானியர்களின் தலைமைக் கடவுளான ஜூபிடர் பெயரால் செய்கிற சத்தியம் அது.

அப்புறம் அஃபிடவிட். இரண்டும் ஒன்றல்ல. டெஸ்டிமனி பொதுவாக சாட்சிக்கூண்டில் ஏறி வாயால் சொல்வது, எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேயே குறுக்கு விசாரணை செய்யலாம். அஃபிடவிட் சத்தியம் செய்து எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவது, நாம் பிரமாணப் பத்திரம் என்கிறோமே, அது. இடைக்கால லத்தீனில் அது பெயர்ச்சொல்லே இல்லை, முழு வாக்கியம்: ‘அவர் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார்’. பத்திரத்தில் எழுதியிருந்த வாக்கியமே பத்திரத்துக்குப் பெயராகிவிட்டது.