சாக்லேட் கட்டி: மாத்திரையா, ஊசியா, லேப்ராஸ்கோப்பியா?

தோவாளை: வலது சினைப்பையில் 3 செ.மீ. சாக்லேட் கட்டியாம். வயது 24, கல்யாணம் ஆகவில்லை. தங்கச்சிக்கு நீர்க்கட்டிக்குக் கொடுத்த மெட்ஃபார்மினே போதுமா டாக்டரம்மா?

போதாது. தங்கச்சிக்கு இருப்பது வளராமல் நின்ற சின்னச் சின்ன முட்டைப்பைகள். உங்களுக்கு இருப்பது எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோயால், சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய பை. வலி பெரிதாக இல்லையென்றால் 3 மாதம் கழித்து மறு ஸ்கேன் பார்க்கலாம். வலி இருந்தால் டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை 2 மி.கி., தினமும் ஒரே நேரத்தில், இடைவெளி விடாமல். முதல் சில மாதம் அங்கங்கே ரத்தம் படும். பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். மாத்திரை வலியை அடக்கும், கட்டியைச் சுருக்கலாம். அடியோடு கரைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

குளச்சல்: ஊசியால உறிஞ்சி எடுத்தா ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லுகாங்களே அக்கா?

வெறுமனே உறிஞ்சினால் பையின் சுவர் உள்ளேயே இருக்கும், திரும்ப நிரம்பும், சீழ் பிடிக்கவும் கூடும். உறிஞ்சி, உப்புநீரால் அலசி, எத்தனால் என்ற ஆல்கஹாலைப் பைக்குள் 10 நிமிடமாவது நிறுத்தி எடுப்பது வேறு முறை. மறுபடி வந்த கட்டிக்கு அது உதவும். ஆனால் பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) சுவர் கிடைக்காது. ஸ்கேனில் புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கமே போகக்கூடாது.

மார்த்தாண்டம்: வயது 31. இரண்டு பக்கமும் 5 செ.மீ., ஏ.எம்.ஹெச். (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 1.4. மூன்று வருஷமாகக் குழந்தை இல்லை. லேப்ராஸ்கோப்பி செய்யச் சொல்கிறார்கள்.

அவசரப்படாதீங்க மக்ளே. தொப்புள் வழியாக 10 மி.மீ. துளையில் கேமரா, பக்கங்களில் 5 மி.மீ. துளைகளில் கருவிகள். சினைப்பை அக்கம்பக்கத்தோடு ஒட்டியிருப்பதைப் பிரிக்கும்போதே கட்டி பெரும்பாலும் உடையும், உறிஞ்சிக் கழுவிவிடுவார்கள். பிறகு இரண்டு இடுக்கிகளால் எதிரெதிராக இழுத்துச் சுவரை உரிக்க வேண்டும். சினைப்பைக்கு ரத்தக்குழாய் நுழையும் இடத்தில்தான் சிக்கல்: சுவர் இறுக ஒட்டியிருக்கும், ரத்தம் கசியும், அதை நிறுத்த மின்சூடு அதிகம் வைத்தால் நல்ல முட்டைகளும் கருகும். இரண்டு பக்கமும் செய்தால் ஏ.எம்.ஹெச். இன்னும் இறங்கும். ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் திருவனந்தபுரம் போனாலும், “ரத்தத்தைத் தையல் போட்டு நிறுத்துவீர்களா?” என்று கேளுங்கள்.

அதற்கு முன்னால் கணவரின் விந்துப் பரிசோதனையும் கருக்குழாய்ப் பரிசோதனையும் முடியட்டும். (முதலாவது பல வீடுகளில் கடைசியாகத்தான் நடக்கிறது.) ஐ.வி.எஃப். தான் வழி என்றானால், வலி தாங்கமுடியாதபோதோ, முட்டை எடுக்கும் ஊசிக்குக் கட்டி குறுக்கே நிற்கும்போதோ, ஸ்கேனில் சந்தேகம் இருந்தாலோதான் கத்தி. மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போதும் வலி குத்தினால் எம்.ஆர்.ஐ. எடுங்கள், குடலிலும் அந்தத் திசு ஒட்டியிருக்கலாம்.

தக்கலை: ஆபரேஷன் முடிந்துவிட்டது. தோள்பட்டை வலிக்கிறது. கட்டி மறுபடி வருமா?

தோள்வலி வயிற்றில் ஏற்றிய வாயுவால் வருவது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூச்சுத்திணறலோ காய்ச்சலோ சேர்ந்தால் உடனே காட்டுங்கள். தண்ணீர்க் குடம் தூக்குவதைச் சில வாரம் தள்ளிப்போடுங்கள். கட்டி மறுபடி வரலாம். உடனே குழந்தைக்கு முயலவில்லை என்றால் 18 முதல் 24 மாதம் ஹார்மோன் சிகிச்சை தொடர்வது நல்லது. பயாப்ஸி ரிப்போர்ட்டை மறக்காமல் வாங்குங்கள்.

கொல்லங்கோடு: கட்டி இருக்கிறவளுக்குத் திடீரென்று உயிர்போகிற வலியும் வாந்தியும் வந்தால்?

கட்டி உடைந்திருக்கலாம், சினைப்பை முறுக்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே அவசரப் பிரிவுக்குப் போங்கள்; சாப்பிடக் கொடுக்காதீர்கள்.