ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் வங்கி ஊழியராக இருக்கிறேன். சிதம்பரம் கிளைக்கு மாற்றல் கிடைக்கும் போலிருக்கிறது. அங்கே மாடியுடன் ஒரு வீடும் விலைக்கு வந்திருக்கிறது. மகள் ஒன்பதாம் வகுப்பு. பல்கலைக்கழகம் உள்ள ஊர், படித்தவர்கள் நிறைந்த ஊர், அந்தச் சூழலே அவளைப் படிக்க வைத்துவிடும் என்று நம்புகிறேன். மாணவர்களின் சத்தம், போராட்டம் என்று மனைவி தயங்குகிறார். நீங்கள் அந்த ஊரில் வளர்ந்தவர். நன்மை தீமைகளைச் சொல்ல முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவியின் தயக்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சத்தம் உண்டு. வாடகை ஏறும். விடுமுறை வந்தால் மெஸ்களில் பாதி அடுப்பு எரியாது. போராட்டமா? 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது இராசேந்திரன் என்ற மாணவர் அங்கே துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவருக்கு அங்கே சிலை இருக்கிறது. மாணவர்கள் தெருவில் இறங்காத ஊர்தான் வேண்டுமென்றால் பல்கலைக்கழகம் இல்லாத ஊராகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னை நிறுத்திவைத்தது உங்களுடைய இன்னொரு வரி. ‘சூழலே படிக்க வைத்துவிடும்.’ நடராசர் கோயில் வாசலில் ஐம்பது ஆண்டுகளாகப் பூக்கட்டுகிறவருக்குத் தேவாரம் தானாக வந்துவிடுமா? கொள்ளிடத்துக் காற்றில் இலக்கணமும் கணிதமும் கலந்து வீசுவதாக யார் உங்களுக்குச் சொன்னார்கள்? 1920இல் மீனாட்சி கல்லூரியாகத் தொடங்கி 1929இல் பல்கலைக்கழகமான இடம் அது. விபுலானந்தர் தமிழ்ப் பேராசிரியராக இருந்த இடம். எல்லாம் சரி. ஆனால் ரயில் பாதைக்குக் கிழக்கே அண்ணாமலை நகர், மேற்கே சிதம்பரம். அது தனிப் பேரூராட்சி, இது தனி நகராட்சி. நாங்கள் இந்தப் பக்கம். அந்தப் பக்கத்தை ‘யுனிவர்சிட்டி’ என்போம், ஏதோ வெளியூரைச் சொல்வதுபோல.

இதையே சில நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன், என் அத்தையை முன்னிட்டு. கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தட்டச்சு நிலையம் வைத்திருந்தார். இரண்டு ஆங்கில இயந்திரங்கள், ஒரு தமிழ் இயந்திரம். பகலில் பிள்ளைகளுக்குப் பயிற்சி. இரவில் ஆய்வேடுகள். ஒரு தாளுக்குப் பின்னால் நான்கு கார்பன் வைத்து ஐந்து பிரதிகள் அடிப்பார். ஓர் எழுத்து தவறினால் ஐந்து தாள்களிலும் தனித்தனியாக அழிக்க வேண்டும். அடிக்குறிப்புக்கு எத்தனை வரி போகும் என்று பக்கத்தின் தலைப்பிலேயே கணக்குப் போட்டு, கீழே இடம் விட்டு வர வேண்டும். தமிழ் இயந்திரத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளியை முதலில் அடித்து, பிறகுதான் எழுத்தை அடிப்பார்கள். எழுத்து வருமுன்பே அதன் புள்ளி தாளில் காத்திருக்கும். சிறுவனாக அதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர் அத்தை. கடல் உயிரியல், பொருளியல், இலக்கணம் எல்லாம் அவர் விரல் வழியாகப் போயின. ஒருமுறை நெல் விளைச்சல் பற்றிய ஆய்வேட்டில் ஓர் அட்டவணையின் கூட்டல் இடிப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “நீங்கள் உள்ளதை உள்ளபடி அடியுங்கள் அம்மா” என்றார் அந்த ஆராய்ச்சி மாணவர். இரண்டு வாரம் கழித்து அதே அட்டவணையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார், வழிகாட்டியின் சிவப்பு மையோடு. அத்தை ஒன்றும் பேசவில்லை, தாளைச் சொருகினார்.

ஆய்வேடுகள் நூலகத்தில் காலிகோ அட்டையும் பொன்னெழுத்துமாக அடுக்கியிருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். போய்ப் பார்க்க ஆசை. எவரும் தடுக்கவில்லை. சைக்கிளில் கால்மணி நேரம்கூட ஆகாது. “நாளைக்குப் போகலாமடா” என்பார். நந்தனாரைத் திருநாளைப்போவார் ஆக்கிய ஊரல்லவா! நந்தனாராவது கடைசியில் உள்ளே போனார். என் அத்தை கண்புரை வந்து நிலையத்தை மூடும்வரை போகவில்லை. “நமக்கு அங்கே என்ன வேலை” என்ற ஒரே வாக்கியம் ஒரு கல்மதிலைவிடக் கெட்டியாக இருந்தது. நீங்கள் பெருமையாகச் சொல்கிற ‘படித்தவர்கள் நிறைந்த ஊர்’ அந்த வாக்கியத்தையும் சேர்த்துத்தான் வளர்க்கிறது.

எனக்குக் கோபம் உங்கள் மேல் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. மகளுக்கு எதில் விருப்பம் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! வீட்டுக்கு மாடி இருப்பதை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ரயில் பாதையைத் தாண்டி அனுப்புங்கள். எதற்கு என்று கேட்டால் காரணம் சொல்லாதீர்கள்.

வீடு? வாங்குங்கள். மழைக்காலத்தில் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வாங்குங்கள். கத்தரிக்காய் கொத்சுக்காகவே அங்கே குடியிருக்கலாம் என்பது என் சொந்தக் கருத்து.

மாடியை மாணவர்களுக்கு விடுவதானால் முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள். அத்தையின் நிலுவை நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ‘பட்டம் வந்ததும் தருவதாகச் சொன்னார்’ என்று பதினொரு பெயர்களுக்கு எதிரே எழுதி வைத்திருக்கிறார். பதினொரு பேருக்கும் பட்டம் வந்துவிட்டது.