4 மாத லாப்ரடார் குட்டியின் உணவு மாற்றம் குறித்து

வணக்கம். உங்கள் 4 மாத லாப்ரடார் குட்டிக்கு ஒரே நாளில் தீவனத்தை மாற்றியதும் வயிற்றுப்போக்கு தொடங்கியதாகவும், இனி வேகவைத்த கோழி இறைச்சியும் கால்சியம் மாத்திரையும் கொடுத்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குட்டி சோர்ந்து கிடந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, வயிற்றுப்போக்கு ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். மற்றபடி, பழைய தீவனத்துக்கே திரும்பி, வயிறு சீரான பிறகு புதியதைக் கால் பங்கு கலக்கத் தொடங்கி, மலம் இறுகி வருகிறதா என்று பார்த்தபடி 7 முதல் 10 நாட்களில் முழுமையாக மாற்றுவதே முறை.

வெறும் இறைச்சி வளரும் குட்டிக்குப் போதாது. அதில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. அதற்காக மாத்திரையை உத்தேசமாகச் சேர்ப்பதையும் நான் ஏற்கமாட்டேன்; ஏனெனில், இந்த வயதில் குட்டியின் குடலால் மிகுதியான கால்சியத்தை ஒதுக்கித் தள்ள முடியாது என்பதால், பெரிய இனங்களில் அது எலும்பு வளர்ச்சியையே பாதித்துவிடும். தீவனப் பையின் முன்பக்கப் படங்களை விட்டுவிட்டு, பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்: முழுமையான, சமச்சீரான உணவு என்பதோடு, பெரிய இனக் குட்டிகளின் வளர்ச்சிக்கு உரியது என்றும் அதில் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டி) சேர்த்த இனிப்புகள் ஆகியவற்றைச் சிறிதளவும் கொடுக்காதீர்கள். வேகவைத்த எலும்பும் வேண்டாம், அது கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும்.