வயலின் தெரியும். சென்னைல ரோட்டோரமா வாசிச்சா பிச்சை எடுக்குறேன்னு நினைப்பாங்களா?

கொஞ்ச பேர் நினைக்கத்தான் செய்வாங்க. அதுக்காக போகாதீங்கன்னு சொல்ல வரல, ஆனா எதுல உக்காந்து வாசிக்கிறீங்கங்கறதுலதான் பாதி விஷயம் இருக்கு, அத யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

நீங்க கர்நாடிக் கத்துக்கிட்டவர்னு வச்சுக்கறேன். வெஸ்டர்ன்னா நின்னுக்கிட்டே வாசிச்சிருவீங்க, பாக்கறவங்களுக்கும் ஏதோ ஃபாரின் ஸ்டைலா தெரியும். நமக்கு அது ஆகாது. சம்மணம் போட்டு உக்காந்து வயலின் தலைய வலது கணுக்கால்ல முட்டுக் குடுத்தாதான் இடது கை ஃப்ரீயா மேலயும் கீழயும் ஓடும், கமகம் (சுரத்த அசைச்சு வாசிக்கறது) வரும். நின்னா அந்தக் கை வயலின தாங்கறதுக்கே சரியா போயிடும். அப்ப ரோட்ல எங்க உக்காருவீங்க? தரைலதான்.

நான் போனது பாண்டி பஜார். 2019ல நடைபாதைய அகலமாக்கி கல் பெஞ்செல்லாம் போட்டாங்கல்ல, அங்க. ஜனவரி மாசம், ஞாயித்துக்கிழமை மத்தியானம், வெயில் பரவால்லன்னு போய் ஜமக்காளத்த விரிச்சு வயலின் கேஸ முன்னாடி திறந்து வச்சுட்டு ஹம்ஸத்வனி ராகம் ஆரம்பிச்சேன். ஆலாபனை நடுவுல ஒரு அம்மா ரெண்டு ரூபா காசு போட்டுட்டு "சாப்பிட்டியாம்மா?"ன்னு கேட்டாங்க. நிஜமாவே அக்கறையாத்தான் கேட்டாங்க, சாப்பிட்டேம்மான்னு சொல்லிட்டு தொடர்ந்தேன், அதுக்குள்ள சுரம் எங்க விட்டேன்னே தெரியல. கொஞ்ச நேரத்துல ஒரு செக்யூரிட்டி வந்து "இங்கெல்லாம் உக்காரக் கூடாது, எந்திரி எந்திரி"ன்னாரு.

சரின்னு நாலடி தள்ளி ஒரு பெஞ்ச் மேல ஏறி சம்மணம் போட்டு உக்காந்தேன். அதே சுடிதார், அதே வயலின், ஒன்றரை அடி உசரம்தான் கூடுச்சு. இப்ப போன எடுத்து வீடியோ எடுக்குறாங்க, "மேடம் உங்க இன்ஸ்டா ஐடி என்ன"ன்னு கேக்குறாங்க! செக்யூரிட்டியும் அந்தப் பக்கமா வந்தவர் கொஞ்ச நேரம் நின்னு கேட்டுட்டுதான் போனாரு. அதனால சொல்றேன், பெஞ்ச் இல்லாத இடமா இருந்தா ஒரு அகலமான பலகை ஸ்டூலாவது எடுத்துட்டுப் போங்க.

சவுண்டும் முக்கியம். பஸ் ஹாரன்ல வெறும் வயலின் எடுபடாது, பிரிட்ஜ்ல (வயலின் கம்பிய தாங்கற மரத்துண்டு) மாட்டுற பிக்கப்னு ஒரு குட்டி மைக் மாதிரி ஒண்ணும், சவுண்ட கூட்டுற பேட்டரி ஆம்ப்பும் வேணும். ஆம்ப்ல மாட்டி தம்பூரா மாதிரி ஓட விடுற சுருதி ஆப்பையும் ஜிபே கியூஆரையும் ஒரே போன்ல வச்சுக்காதீங்க. யாராவது பத்து ரூபா அனுப்புனா ஆம்ப் வழியா டிங்னு கேக்கும், அதுவும் சுருதி சேராத டிங்.

ஆலாபனைக்கு பெருசா யாரும் நிக்கல, இளையராஜா பாட்டு எடுத்ததும் கூட்டம் வந்துச்சு, இத சொன்னா சுத்த கர்நாடிக் ஆளுங்க சண்டைக்கு வருவீங்க, வாங்க. அப்புறம் யாராவது ஜோஷுவா பெல்னு அந்த அமெரிக்க வயலின் மேதை கதையோட வருவீங்க, எனக்கும் தெரியும், 2007ல வாஷிங்டன் மெட்ரோ ஸ்டேஷன்ல 43 நிமிஷம் வாசிச்சாரு, ஆயிரம் பேருக்கு மேல கடந்து போனாங்க, நின்னு கேட்டவங்க ஏழே பேரு, விழுந்தது 32 டாலர் சொச்சம். ஆனா அது வேலை நாள் காலைல ஆபீஸுக்கு ஓடுற கூட்டம். துணி எடுக்க வந்து பராக்கு பாத்துட்டு நடக்கற ஞாயித்துக்கிழமை கூட்டத்தோட அத ஒப்பிடாதீங்க. அவர யாரும் சாப்பிட்டியான்னும் கேட்டிருக்க மாட்டாங்க.

ஊர்க்காரங்க பரவால்ல, சொந்தக்காரங்கதான் தாங்க முடியாது. அந்த வீடியோ எப்படியோ எங்க ஃபேமிலி குரூப்புக்கு வந்து பெரியப்பா "குடும்ப மானத்த நடுரோட்ல வித்துட்டா"ன்னு எங்கப்பாவுக்கு போன் போட்டாரு. இதே பெரியப்பா அவர் பொண்ணு ரிசப்ஷன்ல என்ன மூணு மணி நேரம் வாசிக்க வச்சாரு, மிருதங்கக்காரருக்கு நான்தான் என் கைக்காசுல குடுத்தேன், "நம்ம வீட்டு விசேஷம்தானம்மா"ன்னு ஒரு தாம்பூலப் பையோட முடிச்சுட்டாரு. கேட்டரிங்க்காரர்கிட்ட போய் இத சொல்வாரா? போட்டோகிராபர்கிட்ட சொல்வாரா? ஏசி ஹால்ல சும்மா வாசிச்சா மானம், ரோட்ல முன்னப்பின்ன தெரியாதவங்க காசு குடுத்தா அவமானம். எழுதும்போதே கடுப்பாகுது, விடுங்க.

பர்மிஷன் கேப்பீங்க. சிங்கப்பூர்ல ஆடிஷன் வச்சு கார்டு குடுக்கறாங்க, லண்டன் ட்யூப் ஸ்டேஷன்கள்ல 2003லேந்தே இதுக்குன்னு லைசென்ஸ் இருக்கு. எங்கிட்ட அப்படி எந்தக் கார்டும் இல்ல. பக்கத்து கடைக்காரர்கிட்ட முதல்லயே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அவரு வாசல மறைக்காதீங்க, யாராவது எந்திரின்னா எந்திரிச்சுருங்க. வாக்குவாதம் பண்ணி தள்ளுமுள்ளுல பிரிட்ஜ் சாஞ்சா அன்னிக்கு கச்சேரி அவ்ளோதான்.