அந்த மூன்று யூனிட் எதற்கு? கேள்வி-பதில்

கே: மகள் கால் ஸ்டேட்டில் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். எத்னிக் ஸ்டடீஸ் (அமெரிக்காவின் கறுப்பர், ஆசியர், லத்தீனோ, பூர்வகுடிகள் பற்றிய பாடம்) எடுக்காமல் டிகிரி வாங்க முடியுமா? (ஃப்ரீமான்ட்)

ப: முடியாது. 2020-இல் கையெழுத்தான ஏபி 1460 என்ற கலிஃபோர்னியா சட்டப்படி, 2021-22 முதல் சேர்ந்தவர்களுக்கு இதில் மூன்று யூனிட், அதாவது ஒரு செமஸ்டர் பாடம், கட்டாயம். மேஜர் எதுவானாலும்.

கே: சோஷியாலஜியில் இனம் பற்றி ஒரு பாடம் முடித்துவிட்டேன். அதையே கணக்கில் வைப்பார்களா? (சான் ஹோசே)

ப: தலைப்பைப் பார்க்காதீர்கள், பாட எண்ணோடு வரும் துறைக் குறியீட்டைப் பாருங்கள் என்று எத்தனை முறை எழுதுவது? எத்னிக் ஸ்டடீஸ், ஆப்பிரிக்க அமெரிக்கர், ஆசிய அமெரிக்கர், பூர்வகுடிகள், லத்தீனோ இவற்றில் ஏதாவது ஒரு துறையின் குறியீடு இருக்க வேண்டும். வெறும் சோஷியாலஜி குறியீடு செல்லாது. பதிவு செய்வதற்கு முன் கவுன்சிலரைக் கேட்டிருக்கலாமே?

கே: கோடையில் கம்யூனிட்டி காலேஜில் முடிக்கலாமா?

ப: தாராளமாக. கால் ஸ்டேட்டின் பொதுப் பாடப் பட்டியலில் எத்னிக் ஸ்டடீஸுக்கான பிரிவு ஏரியா எஃப், புதுப் பெயரில் ஏரியா 6. அதில் ஒப்புதல் பெற்ற பாடமா என்று அசிஸ்ட் தளத்தில் (எந்தக் கம்யூனிட்டி காலேஜ் பாடம் எங்கே செல்லும் என்று காட்டும் இணையதளம்) பாருங்கள். ஒரு செமஸ்டர் வாசிப்பை ஆறேழு வாரத்தில் திணிப்பார்கள். சுலபம் என்று நம்பிப் போகாதீர்கள்.

கே: நாங்கள் இந்தியாவிலிருந்து வந்து உழைத்து முன்னேறியவர்கள். கறுப்பர், மெக்சிகோக்காரர் கதையெல்லாம் எங்கள் பையனுக்கு எதற்கு? (இர்வைன்)

ப: இந்தக் கடிதம் மாதம் தவறாமல் வருகிறது, ஊர் பெயர்தான் மாறும். பகத் சிங் திந்த் என்று ஒருவர் இருந்தார். பஞ்சாபில் பிறந்தவர், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைக்குக் குடியுரிமை கேட்டால் வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வம்சாவளியாகவோ இருக்க வேண்டும். நான் ஆரியன், உயர்சாதி, ஆகவே வெள்ளையன் என்று வாதாடினார். 1923-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. சாதிப் பெருமை அங்கே விலை போகவில்லை. அதோடு விடவில்லை, ஏற்கெனவே வாங்கியிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் குடியுரிமையைப் பறித்தார்கள். 1946-இல்தான் கதவு திறந்தது, அதுவும் வருடத்துக்கு 100 பேர் நுழையும் அளவுக்கு. நம் ஆட்கள் சாரிசாரியாக வர வழி செய்தது 1965 குடியேற்றச் சட்டம். கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டு, சிறை போய், 1964-இலும் 65-இலும் உரிமைச் சட்டங்களைக் கொண்டுவர வைத்தார்களே, அந்தக் காற்றில் நிறைவேறியதுதான் இதுவும். அப்புறம், இந்தப் பாடமே 1968 நவம்பரில் தொடங்கி சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரி மாணவர்கள் ஐந்து மாதம்போல ஸ்டிரைக் செய்து வாங்கியது. அதில் ஆசிய மாணவர்களும் இருந்தார்கள். இதில் எது 'அவர்கள் கதை', எது 'எங்கள் கதை' என்று பிரித்துக் காட்டுங்கள், பார்க்கலாம்.

கே: பாட்டியைப் பேட்டி எடுத்து ஃபைனல் பேப்பராகத் தரலாமா?

ப: தரலாம். ஆனால் பாட்டி எந்த வருடம், எந்த விசாவில், எந்தச் சட்டத்தின் கீழ் வந்தார் என்று தேடி எழுதுங்கள். வெறும் ரசம் சாதக் கதைக்கு மார்க் வராது.

கே: பையனுக்கு பி கிரேடு போட்டுவிட்டார்கள். பேராசிரியருக்கு நான் ஈமெயில் போடலாமா?

ப: வேண்டாம். கல்லூரியில் மார்க் விவரம் பையனுக்குச் சொந்தம். அவன் எழுத்தில் சம்மதம் தராமல் உங்களிடம் பேச மாட்டார்கள். அவனையே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

கே: யூசியிலும் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) எத்னிக் ஸ்டடீஸ் கட்டாயமா?

ப: யூசி முழுமைக்கும் இல்லை, கேம்பஸுக்கு கேம்பஸ் மாறும். பெர்க்லியில் அமெரிக்கன் கல்ச்சர்ஸ் என்று தனி நிபந்தனை உண்டு. அந்தப் பாட எண்களில் 'ஏசி' என்று இருக்கும். ஆக, மறுபடியும் குறியீடுதான்.