எல்லாருக்கும் ஒரே செல் நம்பரா?

கேள்வி: வேலூர் லாங் பஜாரில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தெரிந்த பையன் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராமில் எல்லா வாடிக்கையாளரின் செல் நம்பரும் 2147483647 என்றே நிற்கிறது. அது பகா எண் என்கிறாள் என் மகள். பகா எண்ணை வைத்துத்தான் பாஸ்வேர்டு பூட்டுவார்களாமே, யாராவது ஹேக் செய்துவிட்டார்களா?

பதில்: பயப்படாதீர்கள், யாரும் கை வைக்கவில்லை. புரோகிராம் செல் நம்பரை 32 பிட் (0 அல்லது 1 என்ற குறி ஒவ்வொன்றும் ஒரு பிட்) கட்டத்துக்குள் திணிக்கப் பார்க்கிறது. ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும், மிச்சம் 31. 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2147483647. அந்தக் கட்டத்தில் அதற்கு மேல் கொள்ளாது. நம் செல் நம்பர்களோ 6, 7, 8, 9 என்று தொடங்கும் பத்து இலக்கங்கள். மைஎஸ்க்யூஎல் மாதிரி டேட்டாபேஸில் கண்டிப்பு முறை அணைந்திருந்தால், பிழை என்று கத்தாமல் உச்ச எண்ணை எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடும். படியில் தலை தட்டி அளப்பீர்களே, அதேதான். பின்கோடு மட்டும் ஒழுங்காக இருக்குமே, பாருங்கள். 632001, காட்பாடி 632007 எல்லாம் வெறும் ஆறு இலக்கம்.

மகள் சொன்னது சரி, அது பகா எண்தான். ஆனால் உங்கள் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 16 பிட் கட்டத்தின் உச்சம் 32767. அது 7 × 31 × 151. 64 பிட்டின் உச்சமான 9223372036854775807-உம் ஏழால் மீதியின்றி வகுபடும். குறிக்கு ஒரு பிட் போக, பெருக்கும் இரண்டுகளின் எண்ணிக்கையான 15, 63 இரண்டும் மூன்றால் வகுபடுவதால் வந்த வினை இது. 31 பகா எண், அதனால் வாய்ப்பு இருந்தது. வாய்ப்புதான், உத்தரவாதம் இல்லை: 11-உம் பகா எண், ஆனால் 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தால் வரும் 2047, 23 × 89.

சரி, 2147483647 பகா எண் என்று எப்படி உறுதி செய்வது? வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதுவரை உள்ள சுமார் 4,800 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். கணித மேதை ஆய்லர் 1772-இல், பார்வை அநேகமாகப் போய்விட்ட வயதில், இதற்கு ஒரு குறுக்குவழி பிடித்தார். இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வந்தே ஆகவேண்டும். சோதிக்க வேண்டியவை நூறுக்கும் கீழே இறங்கிவிட்டன. எதுவும் வகுக்கவில்லை. எனக்கு இந்த இடம் இன்றும் சலிப்பதில்லை.

பாஸ்வேர்டு விஷயம் வேறு. அதற்குச் சுமார் முந்நூறு இலக்கப் பகா எண்கள் வேண்டும். இந்தப் பத்து இலக்கம் எதையும் பூட்டாது.

அப்புறம், வேலைக்கு வருவோம். பேக்கப் எடுத்துவிட்டு, செல் நம்பர் நெடுவரிசையை எழுத்து வகைக்கு, அதாவது வார்ச்சாருக்கு மாற்றச் சொல்லுங்கள். பிக்இன்ட், அதாவது 64 பிட் எண் வகை, போதுமே என்று பையன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். செல் நம்பரைக் கூட்டவா போகிறோம், பெருக்கவா போகிறோம்? முன்னால் பூஜ்யம் போட்டு எழுதினால் அது விழுங்கிவிடும். ஏற்கெனவே தலை தட்டிப்போன நம்பர்கள் டேட்டாபேஸில் எங்கும் இல்லை. பழைய பில் புக்கைப் பார்த்துத்தான் திரும்ப ஏற்ற வேண்டும்.