கம்யூனிச ஆட்சிக்கால வாழ்க்கையைக் காட்டும் படங்கள் எந்தளவு உண்மையானவை?

'மற்றவர்களின் வாழ்க்கை' என்ற ஜேர்மன் படத்தை (2006) வைத்துத்தான் கேட்டிருக்கிறீர்கள். பார்த்து மனம் உருகியிருப்பீர்கள், அப்புறம் யாரோ "எல்லாம் கற்பனை" என்று சொல்லிக் குழப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என்னையும் பல நாள் தூங்கவிடாத படம் அது.

ஓர் எழுத்தாளரின் வீட்டை ஒற்றுக்கேட்கும் இரகசியப் பொலிஸ் அதிகாரி ஒருவரின் கதை. நடப்பது 1984 இல், கம்யூனிச ஆட்சியில் இருந்த கிழக்கு பேர்லினில். நான் அந்த ஊரைக் கடந்து வந்ததும் அதே வருடம்தான். அப்போது இலங்கையிலிருந்து தப்பி வந்த எங்கள் ஆட்களில் கன பேர் கிழக்குப் பக்கத்து ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ட்ரான்சிட் விசா எடுத்து, ரயிலில் மேற்கு பேர்லினுக்குப் போனார்கள். மேற்குப் பக்கம் பேர்லினின் கிழக்கு-மேற்குப் பிரிவை நாட்டு எல்லையாக ஏற்கவில்லை என்பதால் அங்கே பாஸ்போர்ட் பார்ப்பதில்லை. 1985 இல் அந்த வழி எங்களுக்கு அடைபட்டது.

எல்லைச் சோதனை நடந்த ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராச ரயில் நிலையத்தில் ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய ஒடுங்கிய பாதை. கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அதிகாரி. என் தலைக்கு மேலே, முதுகுப் பக்கம், சரிவாக ஒரு முகக்கண்ணாடி. என் காதைப் பார்த்தார், பாஸ்போர்ட் படத்தைப் பார்த்தார், திரும்பவும் காதைப் பார்த்தார். ஒரு சொல் பேசவில்லை. 'ட்ர்ர்' என்று சத்தம் கேட்டது, கதவு திறந்தது. எல்லைப்படைச் சீருடையில் இருந்த அந்த ஆட்கள் உண்மையில் ஸ்டாசி என்ற இரகசியப் பொலிஸைச் சேர்ந்தவர்கள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அதனால் படத்தில் வரும் அந்தச் சாம்பல் பச்சை நிறம், வெறிச்சோடிய தெரு, யாரும் சத்தமாகப் பேசாத தன்மை எல்லாம் சரி என்று என்னால் சொல்ல முடியும். பழுப்பு நிலக்கரிப் புகையின் மணத்தை மட்டும் திரையில் காட்ட முடியாது.

"சில மணி நேரம் நின்றவன் கதைக்க வந்துவிட்டான்" என்று சிலர் எழுதுவார்கள். சரி, அது நியாயம். இடதுசாரிகளைத் திட்டுவதற்காகவும் நான் எழுதவில்லை, எங்கள் ஐயா கடைசி வரை அவர்களுக்கு வோட்டுப் போட்டவர். ஆனால் என்னோடு 11 வருடம் ஒரே சமையலறையில் வேலை செய்தவர் கிழக்கு ஜேர்மனியின் லைப்சிக்கில் பிறந்து வளர்ந்தவர். படத்தை இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். ஒற்றுக்கேட்கும் அதிகாரி எழுத்தாளரைக் காப்பாற்றுவதற்காகப் பொய் அறிக்கை எழுதும் இடத்தில் அவர் தலையை ஆட்டினார். "இப்படி ஒருத்தன் இருக்கவே முடியாது" என்றார்.

காரணத்தையும் சொன்னார். விசாரிப்பது ஒரு பிரிவு, மைக் பூட்டுவது இன்னொன்று, கடிதம் பிரிப்பது வேறொன்று. ஒருவரை ஒருவர் கண்காணிப்பார்கள். ஒரு தனி மனிதனின் கையில் முழு வழக்கும் இருக்காது. பேர்லினில் ஸ்டாசியின் பழைய சிறையான ஹோஹென்ஷோன்ஹவுசன் நினைவகத்தின் அப்போதைய இயக்குநர் ஹுபேர்ட்டுஸ் க்னாபே அங்கே படப்பிடிப்புக்கு அனுமதி மறுத்ததும் ஸ்டாசிக்காரனைக் கதாநாயகன் ஆக்கியதால்தான். நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றிய ஷிண்ட்லர் என்று ஒருவர் உண்மையில் இருந்தார், இந்த அதிகாரி இருந்ததில்லை என்பது க்னாபேயின் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. நாற்காலி, தட்டச்சுப்பொறி, சீருடை எல்லாம் அச்சொட்டாக இருந்தாலும், அந்த இயந்திரம் எப்படி ஓடியது என்பது பிழைத்தால் படம் பிழைதான்.

இன்னொன்று. ஸ்டாசியில் 1989 இல் முழுநேர ஊழியர்கள் சுமார் 91,000. இரகசியமாகத் தகவல் கொடுத்தவர்கள் 1,70,000க்கும் மேல். கூரைக்குக் கீழே ஹெட்போன் போட்டிருந்த அதிகாரியைவிட, பக்கத்து வீட்டில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த ஆள்தான் பெரிய பயம்.

இதையும் சொல்லவேண்டும்: பேர்லின் சுவர் விழுந்ததைப் பற்றி ஒவ்வொரு நவம்பரும் தொலைக்காட்சியில் ஏதாவது போடுகிறார்கள். அந்த வாசலால் வந்த தமிழரைப் பற்றி ஒரு வரி நான் கேட்டதில்லை. கனடாவில் இருக்கும் என் மருமகனே "கம்யூனிஸ்ட் நாட்டால எப்படி மாமா விட்டவங்கள்?" என்று நம்பாமல் கேட்கிறான். அந்த விசா முத்திரையைப் படம் பிடித்து அனுப்பவேண்டி வந்தது.

எழுத்தாளர் தன்னைப் பற்றிய ஸ்டாசி கோப்பை வாசிக்கும் கடைசிப் பகுதியை இன்னொரு தரம் பாருங்கள். என் நண்பர் வாய் திறக்காமல் பார்த்த இடம் அது. 1992 இல் கோப்புகள் திறக்கப்பட்ட பிறகு அவரும் விண்ணப்பித்து வாசித்தவர். அவரைப் பற்றி எழுதிக்கொடுத்தது, வாராவாரம் அவரோடு செஸ் விளையாடியவர்.